அக்காவின் கண்ணும் தங்கச்சியின் கண்ணும்

இரத்தினேஸ்வரியை ஊரில் எல்லோரும் ஈஸ்வரி என்றுதான் கூப்பிடுவார்கள். சல்லிக் கடற்கரையில் வீடு. கணவன் யோகராசா இன்னொருவரின் இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரே மகன் கட்டாரில். அவள் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் லோண்ட்ரியில் பல வருடமாக வேலை செய்தாள். தோய்த்துக் காய்ந்து வரும் கட்டில் விரிப்புகளை மேசையில் விரித்துப்போட்டு, கறை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து மடிக்கிற வேலை. வெளிநாட்டுக்காரர் வெயிலுக்குப் பூசுகிற கிரீம் வெள்ளைத் துணியில் ஈரத்தோடு இருக்கும்போது தெரியாது. காய்ந்த பிறகு இலேசான மஞ்சளாகத் தலைகாட்டும். அதை அவள் கண்டு திருப்பி அனுப்புவாள். அவள் மடித்துவைத்த அடுக்கை மனேஜர் மறுபடி பிரித்துப் பார்த்ததில்லை.

கண்ணைப் பற்றி அவள் அதுவரை யோசித்ததே இல்லை. ஐம்பது வயதாகியும் கண்ணாடி போடவில்லை என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மழைக்காலத்தில் ஹோட்டலுக்கு ஆட்கள் வருவது குறைவு. அந்த மாதங்களில் களஞ்சிய அறையில் கிடக்கும் பழைய விரிப்புகளை எல்லாம் எடுத்து, நல்லதை வைத்துக் கிழிந்ததைக் கழிப்பார்கள். அன்றைக்கும் அந்த வேலைதான். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. யன்னல் இல்லாத அறை. ஒரு ரோச் லைற்றைப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் மத்தியானம் வரைக்கும் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது வலது புருவத்துக்கு மேலே விண்விண்ணென்று இடித்தது. அதற்குள் கரண்ட் வந்திருந்தது. நடைபாதையில் எரிந்த பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். வளையம் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில், சாம்பல்தீவுச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியதும் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள். யோகராசா அதை வயிற்றுக் கோளாறு என்றே நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பக்கத்தில் இருந்த ஒரு டிஸ்பென்சரியில் சத்திக்கு ஊசி போட்டுத் தலையிடிக்குக் குளிசையும் கொடுத்தார்கள். கண் சிவந்திருந்ததை அங்கே கவனித்தார்கள். சத்தி எடுத்த களைப்பில் அப்படி வரும் என்றார்கள். அடுத்த நாள் முழுக்க அவள் சுருண்டு கிடந்தாள். வலது கண்ணால் பார்த்தால் வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது போல இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் யோகராசா கடலுக்குப் போகாமல் ஓட்டோ பிடித்து, அவளைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கண் பகுதியில் இருந்தவர் டொக்டர் மின்ஹா. கிண்ணியாக்காரி, வயது அதிகம் இல்லை. முதலில் மெசின் எதையும் தொடவில்லை. ஈஸ்வரியைக் கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேலால் இரண்டு விரலை வைத்து மெல்ல அமத்திப் பார்த்தார். யோகராசாவின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்துக் காட்டினார். கண் கல்லுப்போல இருந்தது.

உடனே மருந்து ஏற்றினார்கள், குளிசை கொடுத்தார்கள், துளி விட்டார்கள். குளிசையால் அவளுடைய விரல் நுனிகள் விறைத்துப்போயின. பின்னேரம் வலி இறங்கிய பிறகு மின்ஹா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து விளக்கினார். கண்ணுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறுகிற தண்ணீர் கருமணியைச் சுற்றியுள்ள மண்ணிறத் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்காலால் வடிந்துகொண்டும் இருக்கும். ஈஸ்வரியின் கண் அமைப்பிலேயே அந்த ஓரம் ஒடுக்கம். இருட்டில் கருமணி விரிந்தபோது திரை சுருங்கித் தடித்து வாய்க்காலின் வாயில் ஒட்டிவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, கண்ணின் நரம்பை நசுக்கிவிட்டது. லேசரால் திரையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஓர் ஓட்டை போட்டால் தண்ணீர் அதற்குள்ளால் வந்துவிடும். இடது கண்ணும் அதே அமைப்புத்தான் என்பதால் அதற்கும் போட வேண்டும்.

பிறகு மின்ஹா கேட்டார். "வீட்டுல வேற யாருக்கும் இப்பிடி வந்திரிக்கா? அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க?"

ஈஸ்வரி, இல்லை என்றாள். யோகராசா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அவர்கள் தகரக் கொட்டில்களில் இருந்த காலத்தில், ஈஸ்வரியின் அம்மாவுக்கு ஒருநாள் தாங்க முடியாத தலையிடி வந்தது. சத்தியும் எடுத்தார். ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த பெண், கண் நோவுக்கு நந்தியாவட்டைப் பூவின் சாறு நல்லது என்று சொன்னாள். ஈஸ்வரி பூவைத் தேடிப் பறித்துக் கசக்கிப் பிழிந்து, அம்மாவின் கண்ணில் விட்டாள். நோ குறையவில்லை. சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அந்தக் கண்ணில் பார்வை இல்லை. மற்றக் கண்ணும் சில வருடங்களில் மெல்ல மெல்ல மங்கி அணைந்துபோனது.

தங்கச்சி பூரணி அப்போது கல்யாணம் முடித்துக் கந்தளாயில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்தவள், கொட்டில் வாசலில் ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, "அம்மாவின்ர கண்ணை நீதான் அவிச்சனீ" என்றாள். ஈஸ்வரி ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. அது உண்மையாக இருக்கலாம் என்று அவளே நினைத்தாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் கதைப்பது குறைந்து, பிறகு நின்றுவிட்டது. அம்மாவைக் கடைசிவரைக்கும் ஈஸ்வரிதான் கைபிடித்து நடத்தினாள், சோறு ஊட்டினாள், வெயிலில் கதிரை போட்டு இருத்தினாள். செத்த வீட்டில் பூரணி வந்து அழுதுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

ஆகவே அம்மாவுக்கு வந்தது இதுதானா என்று கேட்க ஈஸ்வரிக்குத் துணிவு வரவில்லை. ஓம் என்று சொன்னால் டொக்டர் மேலும் கேட்பார். கேட்டால் பூச்சாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும்.

லேசர் செய்தது நோகவில்லை. நாடியை ஒரு தாங்கியில் வைத்து நேரே பார்க்கச் சொன்னார்கள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. ஊசி முனையால் தட்டியது போல ஒரு சின்னக் கடி. இரண்டு கண்ணுக்கும் சில நிமிடத்தில் முடிந்தது. வலது கண்ணின் அழுத்தம் இறங்கியது, பார்வை திரும்பவில்லை. அந்தக் கண்ணின் ஓரத்தில் ஆள் அசைவது தெரியும், ஆர் என்று தெரியாது. இடது கண் முழுதாக இருந்தது.

ஒரு கண்ணோடு வாழப் பழகுவது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. தேத்தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். படியில் கால் வைக்கும்போது படி இன்னும் கீழே இருந்தது. சந்தையில் வலதுபக்கம் வந்தவர்களோடு மோதினாள். தெரிந்தவர்கள், கண்டும் காணாதது போலப் போகிறாள் என்று குறைபட்டார்கள். ஹோட்டலில் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. விரிப்புப் பார்க்கும் மேசைக்கு நஜ்முன் நிஸா என்ற பெண்ணைப் போட்டுவிட்டு, ஈஸ்வரியைச் சீருடைகளை மடிக்க விட்டார்கள். அது சரியான முடிவு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதல் வாரம் முழுக்க அவள் அந்த மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் எழும்பியதும் கடற்கரைக்குப் போய், தெற்கே தெரியும் கோணேசர் மலையை இடது கண்ணால் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. மலையின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நிம்மதி. மழை மூட்டத்தில் மலையே தெரியாத நாட்களில் பயந்துபோய் வீட்டுக்கு வந்து கலண்டரின் சின்ன எழுத்தை வாசித்துப் பார்ப்பாள்.

கிளினிக்குக்குத் தவறாமல் போனாள். முதல் சில மாதம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு தடவை இடது கண்ணின் அழுத்தம் கூடியிருந்தது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. மின்ஹா கண்ணின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

லேசரால் போட்ட ஓட்டை திறந்துதான் இருக்கிறது, ஆனால் வாய்க்காலின் வாய் இன்னும் அடைபட்டுக் கிடக்கிறது என்றார். திரைக்குப் பின்னால் இருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது. அங்கே வெளிச்சம் போகாது. அதனால் எந்தக் கண்ணாடியை வைத்தாலும் பார்க்க முடியாது. சத்தம் போகும். காதுக்குக் கேளாத சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வருவதைப் படமாக்குகிற ஸ்கேன் மெசின் ஒன்று கண்டியில் உள்ள ஆஸ்பத்திரியில் இருக்கிறது. லேசர் செய்த கண்களுக்குள் என்ன நடக்கிறது என்று அதில் பார்த்தால்தான் அடுத்தது என்ன செய்வது என்று சொல்ல முடியும்.

யோகராசா, "எங்கட போட்டில மீன் பாக்கிற மெசின் மாதிரியோ?" என்று கேட்டார்.

"அதே மாதிரித்தான்," என்றார் மின்ஹா. "இது ரெண்டு மூணு மில்லிமீற்றர் ஆழத்தப் பாக்கும்."

கண்டிக்கு விடியற்காலை பஸ்ஸில் போனார்கள். பஸ் கந்தளாய்க்குள்ளால்தான் போகும். குளத்துப் பக்கம் வந்ததும் ஈஸ்வரி எப்போதும் செய்வது போல மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூரணியின் வீடு பெரிய றோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்த வழியால் எத்தனையோ தரம் போயிருக்கிறாள். ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஸ்கேன் எடுத்தவர் ஸுல்பிகா என்ற பெண். அந்த ஊர்த் தமிழில் அன்பாகக் கதைத்தார். ஈஸ்வரியைக் கட்டிலில் நிமிர்ந்து படுக்கச் சொன்னார். கண் விறைக்கத் துளி விட்டார். அடி இல்லாத குட்டிக் கோப்பை போன்ற ஒரு பிளாஸ்டிக் வளையத்தை இமைகளுக்கு இடையில் பொருத்தி, அதற்குள் இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீரை நிரப்பினார். கண்ணைத் திறந்தபடி தண்ணீருக்குள் கிடப்பது போல இருந்தது. கூரையின் லைற் மேலே எங்கோ ஆடியது. பேனை மாதிரி ஒன்றை அந்தத் தண்ணீருக்குள் தோய்த்து மெல்ல நகர்த்தினார். எதுவும் கண்ணில் முட்டவில்லை. கூச்சம் மட்டும் இருந்தது.

வெளிச்சத்தில் எடுத்து முடிந்ததும் ஸுல்பிகா, இனி இருட்டில் எடுக்க வேண்டும் என்றார். கருமணி விரியும்போது திரை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். லைற்றை அணைத்தார். இருட்டு அறையில்தான் எல்லாம் தொடங்கியது. ஈஸ்வரி கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். ஸுல்பிகா அதைக் கண்டிருக்க வேண்டும். தன்னுடைய மற்றக் கையை அவளுடைய தோளில் வைத்தபடியே மீதிப் படங்களை எடுத்தார்.

பிறகு டொக்டர் வந்தார். சிங்களவர், நரைத்த தலை. அவர் சொல்லச் சொல்ல ஸுல்பிகா தமிழில் சொன்னார். மெசினில் தெரிந்த படம் சாம்பல் நிறத்தில், கரையும் கடலும் சேருகிற இடம் போல இருந்தது. டொக்டர் விரலை வைத்துக் காட்டினார். கண்ணுக்குள் தண்ணீரைச் சுரக்கிற சதை மண்ணிறத் திரைக்குப் பின்னால் இருக்கும். மற்றவர்களுக்கு அது கொஞ்சம் தள்ளி இருக்கும். ஈஸ்வரிக்கு அது முன்னால் வந்து, திரையின் ஓரத்தை முட்டுக்கொடுத்தது போல வாய்க்காலின் மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டை எத்தனை போட்டாலும் அந்த முட்டு விலகாது. அதற்கு வேறு விதமான லேசர் வேண்டும். திரையின் ஓரத்தில் சுற்றிவரச் சூடு வைத்துச் சுருங்கச் செய்தால், அது வாய்க்காலை விட்டு விலகும்.

இது பிறவி அமைப்பு என்றும், குடும்பத்துக்குள் ஓடுவது என்றும் சொல்லிவிட்டு, அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

ஈஸ்வரி மெசினில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்ர அம்மாவுக்கு வந்தது," என்றாள். தலையிடி, சத்தி, சிவப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். பூச்சாற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. ஸுல்பிகா குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

டொக்டர், தலையிடியும் சத்தியும் பூச்சாறு விட முன்னம் வந்ததா, பின்னம் வந்ததா என்று கேட்டார். முன்னம் என்றாள். அப்படியானால் அது பூச்சாற்றால் வந்ததல்ல என்றார். கண்டதையும் கண்ணில் விடுவது கூடாது, புண் வரும். ஆனால் அப்படிப்பட்ட தலையிடியை அது கொண்டுவராது. பார்க்காத கண்ணைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், மகளின் கண்ணைப் பார்த்த பிறகு தாய்க்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னார்.

"அப்ப உடன கொண்டுபோயிருந்தா?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

ஸுல்பிகா அதைச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரத்தோடு போயிருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்றார். போகாததற்கு அன்றைக்கு என்ன காரணம் இருந்தது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்ற கேள்விக்கு, ஒரு தங்கச்சி என்றாள். அவ கட்டாயம் கண்ணைக் காட்ட வேண்டும், இரண்டு கண்ணும் நல்லாக இருக்கும்போதே காட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, அது விளங்கியதா என்று ஸுல்பிகாவிடம் இரண்டாம் தரம் கேட்கச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஈஸ்வரி யன்னல் பக்கம் இருந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருந்தது. அதோடு சேர்த்து வேறொன்றும் இருந்தது. முதல் தரம் மின்ஹா கேட்டபோதே அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தால், பூரணிக்கு அப்போதே செய்தி போயிருக்கும். இத்தனை மாதத்தில் பூரணிக்கு ஏதும் நடந்திருந்தால்? தங்கச்சியின் கோபத்துக்குப் பயந்து தங்கச்சியின் கண்ணை மறந்துவிட்டேனே என்று நினைத்தாள். கந்தளாய் கிட்டியதும் எழும்பி நின்று, யோகராசாவிடம் இறங்குவோம் என்றாள். அவர் ஏன் என்று கேட்காமல் பையை எடுத்தார்.

பூரணி வீட்டின் முன் அறையில் தையல் மெசினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவர்களைக் கண்டு எழும்பினாள். கதிரை எடுத்துப் போட்டாள். "இருங்கோ," என்றாள். அக்காவை நீ என்று கூப்பிட்டு வளர்ந்தவள், வேற்று மனிசருக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

ஈஸ்வரி சுற்றிவளைக்கவில்லை. தனக்கு வலது கண் போய்விட்டது என்றும், கண்டியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வருவதாகவும், அது குடும்பத்தில் வருகிற வருத்தம் என்றும் சொன்னாள். அம்மாவுக்கும் அதுதான் என்று டொக்டர் நினைக்கிறார் என்றாள்.

பூரணியின் முகம் இறுகியது. "ஓ. அப்ப நான் சொன்னது பிழை எண்டு சொல்லத்தான் வந்தனீங்கள்."

"அதுக்கு நான் வரேல்லை. நீ அதை எப்பிடியும் நினைச்சுக்கொள். உன்ர கண்ணைக் காட்டு எண்டு சொல்ல வந்தனான்."

"எனக்கு ஒண்டுமில்லை. நான் நல்லாத்தான் இருக்கிறன்."

"எனக்கும் ஒண்டும் இருக்கேல்லை," என்றாள் ஈஸ்வரி. "ஒரு நாள்தான் எடுத்தது."

பூரணி உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். மூவரும் அதைக் குடித்தார்கள். ஈஸ்வரி கோப்பையை மேசையில் வைக்கும்போது விளிம்புக்கு வெளியே வைத்துவிட்டாள். அது விழுந்து உடைந்தது. பூரணி துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே அக்காவின் வலது கண்ணை முதல் தடவையாக நேரே பார்த்தாள். அந்தக் கருமணி விரிந்தபடியே நின்றிருந்தது. பிறகு குனிந்து மீதித் துண்டுகளையும் பொறுக்கினாள். ஈஸ்வரியும் யோகராசாவும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சில வாரம் கழித்து மின்ஹா ஈஸ்வரியின் இடது கண்ணுக்கு இரண்டாவது லேசரைச் செய்தார். முதலாவதைவிட நேரம் எடுத்தது, கண் கொஞ்சம் நொந்தது. அது ஆறியதும் அழுத்தம் பார்க்கப் போன நாளில், கிளினிக்கின் நீள வாங்கில் பூரணி இருப்பதைக் கண்டாள். மடியில் கைப்பை, கையில் நம்பர் துண்டு. பக்கத்தில் இடம் இருந்தது. ஈஸ்வரி போய் இருந்தாள்.

"பின்னேரத்தில தைக்கேக்க நெற்றியில ஒரு நோ வாறது," என்று பூரணி முன்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கன நாளா. பனடோல் போட்டுட்டுப் படுத்திடுவன்."

மின்ஹா அவளைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வாய்க்காலின் வாய் ஒடுக்கம். ஒரு பக்கத்தில் ஏற்கெனவே இடையிடையே ஒட்டிப் பிரிந்திருக்கிற அடையாளமும் இருந்தது. நரம்புக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த நோ, அழுத்தம் ஏறி இறங்கியதால் வந்ததாக இருக்கலாம் என்றார். அடுத்த கிழமையே பூரணிக்கும் லேசர் செய்தார்கள். அவள் நாடியைத் தாங்கியில் வைத்துக்கொண்டு இருக்கும்போது ஈஸ்வரி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே கூப்பிட்டால் போவோம் என்று நின்றாள், கூப்பிடவில்லை. வெளியே வந்த பூரணி, "கடிச்ச மாதிரி இருந்தது," என்று மட்டும் சொன்னாள்.

லேசருக்குப் பிறகு இருவருக்கும் கண்டியில் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று மின்ஹா ஒரே நாளைக் கொடுத்தார். ஈஸ்வரி சல்லியிலிருந்து வந்த பஸ்ஸில் பூரணி கந்தளாயில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் ஈஸ்வரி தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். தம்புள்ளை வரைக்கும் சீருடைத் துணி, மழை, மகன், மகள் என்று பொதுவாகக் கதைத்தார்கள்.

ஸுல்பிகா முதலில் ஈஸ்வரிக்கு எடுத்தார். இரண்டாவது லேசர் வேலை செய்திருந்தது. இடது கண்ணின் ஓரத்தில், முன்பு திரையும் வாய்க்காலும் ஒட்டிக் கிடந்த இடத்தில், மெல்லிய கறுப்பு இடைவெளி ஒன்று தெரிந்தது. இருட்டில் எடுத்த படத்திலும் அது மூடவில்லை. பிறகு பூரணியின் முறை. கோப்பையில் தண்ணீர் நிரப்பும்போது அவள் பயந்து கண்ணை இறுக்கிக்கொண்டாள். ஈஸ்வரி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, நோகாது, மேலே லைற் ஆடுகிறதைப் பார், அதையே பார்த்துக்கொண்டிரு என்றாள். பூரணி பார்த்தாள்.

அவளுடைய ஒரு கண் ஓட்டையோடு நன்றாகத் திறந்துவிட்டிருந்தது. மற்றக் கண்ணில் அக்காவுக்கு இருந்த அதே முட்டு. ஸுல்பிகா ஈஸ்வரியின் பழைய படத்தையும் பூரணியின் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். எது ஆருடையது என்று கீழே எழுதியிருக்காவிட்டால் தனக்கே தெரியாது என்றார். இரண்டு பெண்களும் அந்தச் சாம்பல் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணியின் கண்ணுக்கும் அந்த இரண்டாவது லேசரைச் செய்தால் போதும், இப்போதைக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார்.

திரும்பி வரும்போது மாத்தளை தாண்டி மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸின் ஷட்டர்களை எல்லோரும் இறக்கினார்கள். பூரணி தங்கள் பக்கத்து ஷட்டரையும் இறக்கிவிட்டுக் கதைத்தாள்.

"அண்டைக்கு அந்தக் கொட்டிலில நான் நிண்டிருந்தா, நானும் அந்தப் பூவைத்தான் பிழிஞ்சு விட்டிருப்பன். எனக்கும் வேற ஒண்டும் தெரியாது."

ஈஸ்வரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆனா நான் உடன கொண்டுபோயிருக்கலாம். டொக்டர் அதையும் சொன்னவர்," என்றாள்.

"என்னத்தில கொண்டுபோவனீ? றோட்டு இருந்ததோ?"

உண்மையில் அந்த நாட்களில் பட்டணத்துக்குப் போகிற பாலம் உடைந்து கிடந்தது. படகெல்லாம் கடலோடு போயிருந்தது. ஈஸ்வரிக்கு அது தெரியாததல்ல. ஆனால் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள இத்தனை வருடத்தில் அவள் துணிந்ததில்லை. வேறு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. பூரணி சொல்ல வேண்டியிருந்தது. அவள் சேலைத் தலைப்பால் இரண்டு கண்ணையும் துடைத்தாள். துளி விட்ட கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று பூரணி அவளுடைய கையைப் பிடித்து இறக்கினாள்.

அன்றைக்கு ஈஸ்வரி கந்தளாயில் இறங்கித் தங்கச்சி வீட்டில் தங்கினாள். கந்தளாய்த் தயிரும் சோறும் சாப்பிட்டார்கள்.

அம்மாவைப் பற்றி அவர்கள் பிறகும் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் சின்னச் சின்ன விடயங்கள்தான். அம்மா கருவாட்டுக் குழம்புக்கு மாங்காய் போடுவது, அவவின் சிரிப்பு. பழைய பிணக்கின் எல்லாத் தழும்பும் போய்விடவில்லை. பூரணி இன்னும் சட்டென்று கோபப்படுவாள். ஈஸ்வரி இன்னும் உடனே அடங்கிப்போவாள். ஆனால் கிளினிக் நாளுக்கு முதல் நாள் இருவரில் ஒருவர் மற்றவருக்குப் போனில் கோல் எடுப்பார். ஈஸ்வரியின் இடது கண்ணின் அழுத்தம் இப்போது நின்ற இடத்தில் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நஜ்முன் நிஸாவுக்குப் பிள்ளை பிறந்து லீவில் நின்றபோது, ஈஸ்வரி சில வாரம் பழைய மேசையிலேயே விரிப்புப் பார்த்தாள். முன்னரைவிட நேரம் எடுத்தது. தலையை அதிகமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

இப்போது அவர்களுக்குள்ள கவலை பூரணியின் மகள் நிவேதிகா. கம்பஸில் படிக்கிறவள். தாய்க்கும் பெரியம்மாவுக்கும் இருக்கிறபடியால் அவளும் ஒருதரம் கண்ணைக் காட்ட வேண்டும் என்று மின்ஹா சொல்லியிருக்கிறார். அவள், கம்பஸ் சோதனை முடியட்டும், லீவு வரட்டும், எனக்கு நல்லாத் தெரியுதுதானே என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தாள். போன தைப்பொங்கலுக்குக் கந்தளாயில் எல்லோரும் கூடியிருந்தபோது, அவள் அதையே மறுபடியும் சொன்னாள். பொங்கல் பானைக்கு இரண்டு பக்கத்திலும் நின்ற ஈஸ்வரியும் பூரணியும் ஒரே நேரத்தில் அவளை ஏசத் தொடங்கினார்கள். யோகராசா அகப்பையை வாங்கிக்கொண்டு பானையைப் பார்த்துக்கொண்டார். வார்த்தைக்கு வார்த்தை இருவரும் ஒரே மாதிரி ஏசினார்கள். நிவேதிகா ஒருவரின் முகத்திலிருந்து மற்றவரின் முகத்துக்குப் பார்த்துவிட்டு, சரி, சரி, திங்கட்கிழமை போவோம் என்றாள்.